எல் நினோ ஆண்டில் திரு. வாஸ்

ஜூன் 4, வியாழன்

மழை இல்லை. தூத்துக்குடியில் ஜூன் மாதம் மழை இல்லை என்று எழுதுவது, கடலில் உப்பு இருந்தது என்று எழுதுவதைப் போலத்தான். ஆனாலும் எழுத வேண்டும். இல்லை என்பதும் ஓர் அளவு. காலை எட்டரைக்கு மழைமானியின் புனலைத் தூக்கி, உள்ளே இருக்கும் குப்பியைக் கவிழ்த்துப் பார்த்தேன். ஓர் எறும்பு விழுந்தது.

என் கணவர் கஸ்பார் தன் தோணி வியாபாரத்துக்காக இந்த மானியைத் தோட்டத்தில் நட்டார். அவர் இறந்தபின் பதினோரு ஆண்டுகளாக நான் அளக்கிறேன். தெருவின் வாட்ஸ்அப் குழுவுக்கு ஒன்பது மணிக்குள் அளவு போய்விடும். எவ்வளவு மழை என்று இந்தத் தெருவில் யாரும் வானத்தைப் பார்த்துச் சொல்வதில்லை. என்னைக் கேட்டுத்தான் சொல்வார்கள்.

திரு. வாஸ் இன்று தாமதம். துறைமுகத்துக்குள் கப்பல்களை வழிகாட்டிக் கொண்டுவரும் பைலட்டாக இருந்து ஓய்வு பெற்றவர். மனைவி இல்லை. ஒரே மகள் பூனாவில். கடற்கரைச் சாலைக்குப் பின்னால் தாழ்வான சந்தில் தனியாக இருக்கிறார். காலை நடை முடிந்ததும் இங்கே வந்து, நான் அளப்பதைப் பார்த்து, மானியின் பக்கத்தில் நின்றபடியே காப்பி குடித்துவிட்டுப் போவார். மழை இல்லாத மாதங்களிலும் வருவார். கடலில் வேலை பார்த்தவர்களுக்கு ஒழுங்கு முக்கியம்.

ஏன் தாமதம் என்று நான் கேட்கவில்லை. அவரே சொன்னார்.

"மூணாவது வீட்டு மாடிக்கு ஒரு அம்மா குடி வந்திருக்காங்க. கிளாடிஸ் மிராண்டா. மஸ்கட்ல டீச்சரா இருந்தவங்க. மொட்டை மாடியில ஒரு கருவி வச்சிருக்காங்க பாருங்க மிஸஸ் கொரைரா, மழை, காத்து, வெக்கை எல்லாத்தையும் அதுவே அளந்து போனுக்கு அனுப்பிருது."

"மழை பெய்யாத ஊர்ல எதை அனுப்புது?" என்றேன்.

சிரித்தார். காப்பியைப் பாதியில் வைத்துவிட்டார். சர்க்கரை சரியாகத்தான் போட்டிருந்தேன்.

ஜூன் 7, ஞாயிறு

மழை இல்லை. பூசை முடிந்து கோயில் வளாகத்தில் கிளாடிஸ் மிராண்டாவைப் பார்த்தேன். என்னைவிடப் பத்து வயதாவது இளையவள். அவளும் விதவைதான், ஆனால் எலுமிச்சை நிறத்தில் புடவை. தலைக்குச் சாயம். அவளைச் சுற்றி ஏழெட்டுப் பெண்கள். நடுவில் திரு. வாஸ்.

"இந்த வருஷம் எல் நினோ" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். "பசிபிக் கடல் சூடாயிட்டு வருது. எல் நினோ வந்தா இந்தியாவுக்கு மழை குறையும். நவம்பர் டிசம்பர்லகூட நமக்குக் குடைக்கு வேலை இருக்காது." பிறகு என்னைப் பார்த்து, "இமெல்டாக்கா, உங்க குப்பிக்கும் இந்த வருஷம் லீவுதான்!" என்றாள்.

எல்லோரும் சிரித்தார்கள். திரு. வாஸும் சிரித்தார்.

"அப்படியா" என்று மட்டும் சொல்லிவிட்டு முக்காட்டைச் சரி செய்துகொண்டு வந்துவிட்டேன். அக்கா என்று கூப்பிட அவளுக்கு யார் உரிமை கொடுத்தார்கள் என்று தெரியவில்லை.

ஜூன் 8, திங்கள்

மழை இல்லை. திரு. வாஸ் வரவில்லை.

ஜூன் 19, வெள்ளி

மழை இல்லை. காற்று மட்டும் புழுதியை வாரி இறைக்கிறது.

கான்வென்டில் மதர் ஃபிலிப்பா எங்களுக்குப் பூகோளம் நடத்தினார். எந்த விதியைச் சொன்னாலும், "எந்த ஊருக்கு? எந்த மாதத்துக்கு?" என்று கேட்பார். அதைக் கேட்காமல் ஒரு விதியை ஒப்பிப்பவளை முழங்காலில் நிற்க வைப்பார். கிளாடிஸ் அந்த வகுப்பில் இருந்திருந்தால் முழங்கால் தேய்ந்திருக்கும்.

நடப்பது இதுதான். சாதாரண ஆண்டுகளில் பசிபிக் கடலின் மேல் கிழக்கிலிருந்து வீசும் காற்று, வெயிலில் சூடான நீரை மேற்கே இந்தோனேசியா பக்கமாகத் தள்ளி வைக்கிறது. சூடான நீர் இருக்கும் இடத்தில் மேகம் கூடும். சில ஆண்டுகளில் காற்று தளர்கிறது. சூடான நீர் பெரு நாட்டுப் பக்கம் திரும்பிவிடுகிறது. கிறிஸ்துமஸ் சமயத்தில் அது தெரியவருவதால் அங்குள்ள மீனவர்கள் குழந்தை இயேசுவின் பெயரால் அதை எல் நினோ என்றார்கள். கடல் இடம் மாறினால் மேகமும் இடம் மாறும். பல எல் நினோ ஆண்டுகளில் ஜூன் முதல் செப்டம்பர் வரை வடக்கே மழை மெலிகிறது. பத்திரிகைகள் அதைத்தான் எழுதுகின்றன. கிளாடிஸ் அதைத்தான் ஒப்பித்தாள்.

ஆனால் நம் மழை அந்த மழை அல்ல. நமக்கு அக்டோபரில் தொடங்கும் வடகிழக்கு மழை. எல் நினோ ஆண்டில் அது பெரும்பாலும் கூடுகிறது. கடல் குளிரும் எதிர் ஆண்டுகளில், வடக்கே ஆறுகள் பெருகும்போது, இங்கே குளங்கள் காய்ந்து கிடப்பதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். இது சட்டமல்ல, ஒரு சாய்வு. இன்னொன்று: கூடுகிறது என்றால் தினமும் கொஞ்சம் கூடப் பெய்யும் என்று பொருளல்ல. நான் அளந்த ஆண்டுகளில் அது இப்படித்தான் வந்திருக்கிறது. இல்லை, இல்லை, இல்லை என்று வாரக்கணக்கில் எழுதுவேன். பிறகு ஒரு நாள், மற்ற எல்லா நாளையும் சேர்த்தாலும் எட்டாத அளவுக்குக் கொட்டும்.

இதைக் கிளாடிஸிடம் சொல்லலாம். ஆனால் மஸ்கட்டில் பாடம் நடத்தியவருக்கு நான் பாடம் நடத்துவது நாகரிகமல்ல. டிசம்பரில் வானமே சொல்லட்டும். கோயில் வளாகத்தில், அதே பெண்களுக்கு முன்னால்.

ஜூலை 11, சனி

மழை இல்லை. வீட்டு வேலை செய்யும் பேச்சி பாத்திரம் தேய்க்கும்போது சொன்னாள்.

"எம்மா, வாஸ் ஐயா அங்கதான் காப்பி குடிக்காவ. நம்ம காப்பி மாதிரி இல்லயாம். அரபுக்காரக் காப்பியாம். பேரீச்சம்பழம் கடிச்சுக்கிட்டே குடிக்கணுமாம்."

"உன்னை யார் கேட்டா?"

"நீங்கதான நேத்து கேட்டிய, காலைல அவுக எந்தப் பக்கம் போறாவன்னு பாத்துட்டு வான்னு."

நான் கேட்டது பால்காரனைப் பற்றி. பேச்சிக்குக் காது மந்தமாகி வருகிறது.

ஆகஸ்ட் 6, வியாழன்

மழை இல்லை. நேற்று மாதா திருவிழா. சாம்பல் நிறப் பட்டுப் புடவையை எடுத்து உடுத்தினேன். பட்டை அவ்வப்போது உடுத்தாவிட்டால் பூச்சி அரித்துவிடும்.

பவனியில் திரு. வாஸ் கிளாடிஸுக்குக் குடை பிடித்துக்கொண்டு நடந்தார். வெயிலுக்கு. எழுபத்தொன்பது வயதில் ஒரு கையில் கைத்தடி, மறு கையில் அடுத்தவள் குடை. என்னிடம் வந்து, "நல்லாருக்கு மிஸஸ் கொரைரா, இந்த நிறம்" என்றார்.

"பழசு" என்றேன்.

அவர் தலையாட்டிவிட்டுக் கிளாடிஸ் பக்கம் திரும்பிவிட்டார். சொல்வதற்கு என்ன இருக்கிறது?

செப்டம்பர் 13, ஞாயிறு

மழை இல்லை. காலையில் திரு. வாஸின் மகள் டெல்ஃபின் பூனாவிலிருந்து பேசினாள்.

"ஆன்ட்டி, ஒண்ணு கேக்கணும். அப்பாவை மழைக்கு முன்னால இங்க கூட்டிட்டு வந்துரலாம்னு பாக்கேன். போன வெள்ளத்துல வீட்டுக்குள்ள இடுப்பளவு தண்ணி வந்துச்சுல்லா? இன்னொரு தடவை அப்பாவால தாங்க முடியாது. கூட்டிட்டு வந்துட்டா திரும்ப அனுப்ப மாட்டேன். வீட்டையும் வித்துருவேன்."

"கூட்டிட்டுப் போக வேண்டியதுதான?"

"அவரு வர மாட்டேங்காரு. கிளாடிஸ் ஆன்ட்டி இந்த வருஷம் மழையே இருக்காதுங்காங்க. ஆனா அப்பா என்ன சொன்னாரு தெரியுமா? 'இமெல்டா கொரைராட்ட கேளு. மழை வரும்னு அவங்க சொன்னா பெட்டியைக் கட்டிருதேன்'னாரு. நீங்க சொல்லுங்க ஆன்ட்டி. வருமா, வராதா?"

அடுப்பில் பால் பொங்கிக்கொண்டிருந்தது. அவசரத்தில் பேச வேண்டியதாயிற்று.

"இந்த வருஷம் மழை பெருசா இருக்காதுன்னுதான் சொல்றாங்க" என்றேன்.

"அப்போ டிக்கெட் எடுக்காம விட்டுரட்டுமா?"

"விட்டுரு."

"தேங்க்ஸ் ஆன்ட்டி. இனிமே எனக்குக் கவலையில்ல."

செப்டம்பர் 14, திங்கள்

மழை இல்லை. சொல்றாங்க என்று சொன்னது நான் சொன்னதாகாது. யார் சொல்கிறார்கள் என்று அவள் கேட்டிருந்தால், கிளாடிஸ் என்று உண்மையைச் சொல்லியிருப்பேன். கேட்கவில்லை.

எட்டரைக்குத் திரு. வாஸ் வந்தார். மூன்று மாதத்துக்குப் பிறகு. காரணம் எதுவும் சொல்லவில்லை. வெறும் குப்பியை என் கையிலிருந்து வாங்கி உள்ளே எட்டிப் பார்த்தார். இரண்டு தம்ளர் காப்பி குடித்தார். சீட்டியடித்தபடியே போனார்.

செப்டம்பர் 22, செவ்வாய்

மழை இல்லை. திரு. வாஸ் தினமும் வருகிறார். சாயங்காலம் கிளாடிஸ் வீட்டில் சீட்டு விளையாடவும் போகிறாராம். காலை எனக்கு, மாலை அவளுக்கு. இரண்டு வீடுகள் முறை வைத்துப் பிடிக்கும் குடிதண்ணீர் போல.

அக்டோபர் 25, ஞாயிறு

நேற்று மதியம் ஒரு நல்ல மழை. இன்று எட்டரைக்கு அளந்து, இன்றைய தேதியில் குழுவுக்கு அனுப்பினேன். கிளாடிஸ் அதே மழையை நேற்று இரவே சனிக்கிழமைக் கணக்கில் அனுப்பியிருந்தாள். உடனே ஒருவர்: "ஆன்ட்டி, ஞாயிற்றுக்கிழமை எங்கே மழை பெய்தது? கனவிலா?" அதற்குக் கிளாடிஸ் கண்ணில் நீர் வரச் சிரிக்கும் பொம்மை ஒன்றைப் போட்டாள்.

மழைநாள் என்பது நள்ளிரவில் தொடங்குவதல்ல. காலை எட்டரைக்குத் தொடங்கி மறுநாள் எட்டரைக்கு முடிவது. அளந்து முடிக்கும் நாளின் பெயரே அதற்கு. நாடு முழுவதும் இதுதான் முறை. அவளுடைய கருவி தண்ணீர்த் தொட்டியின் மறைவில் நின்றுகொண்டு, இரவு பன்னிரண்டுக்கு நாளை வெட்டுகிறது. அந்தக் கணக்கையும் என் கணக்கையும் அருகருகே வைத்துச் சிரிக்கிறார்கள்.

திரு. வாஸ் குழுவில் எழுதினார்: "மிஸஸ் கொரைரா சொல்வதே முறை." நன்று. சாயங்காலம் எங்கே போனார்? சீட்டு விளையாட.

நவம்பர் 2, திங்கள்

மழை இல்லை. கல்லறைத் திருநாள். கஸ்பாரின் கல்லறைக்குப் பூ, மெழுகுவர்த்தி. வழக்கமாக அரை மணி நேரம் நின்று எல்லாவற்றையும் சொல்லிவிட்டு வருவேன். இன்று வெயில் அதிகம். சீக்கிரம் வந்துவிட்டேன்.

நவம்பர் 20, வெள்ளி

மழை இல்லை. இந்த மாதம் தூறல் தவிர ஒன்றுமில்லை. கிளாடிஸ் தன் குடையைப் படமெடுத்து, "விற்பனைக்கு. புதுசு. பயன்படுத்தப்படவில்லை" என்று குழுவில் போட்டிருக்கிறாள். நாற்பது பேருக்குப் பிடித்திருக்கிறது.

ஜூனில் நான் எழுதியதை எடுத்துப் படித்தேன். இல்லை, இல்லை, இல்லை. பயமாக இருந்தது என்று எழுதினால் அது மிகை.

பேச்சியிடம் சொல்லியனுப்பினேன்: வாஸ் ஐயா வீட்டுக் குளிர்பெட்டியைச் செங்கல் மேல் தூக்கி வைக்கச் சொல்.

"எதுக்குன்னு கேட்டா என்னம்மா சொல்ல?"

"தரையைக் கூட்ட வசதியா இருக்கும்னு சொல்லு."

திரும்பி வந்து, "சரின்னு சிரிச்சாவ" என்றாள்.

டிசம்பர் 12, சனி

காலை வரை மழை இல்லை. குமரிக் கடலில் தாழ்வு நிலை என்று செய்தி. மதியத்திலிருந்து காற்று நின்றுவிட்டது. கிழக்கே வானம் ஈயம் போலக் கனத்திருக்கிறது.

ஐந்து மணிக்குத் திரு. வாஸுக்குப் போன் செய்தேன். வேறொருவருடன் பேசிக்கொண்டிருக்கிறார் என்றது போன். வேறு யாராக இருக்கும்? மூன்றாவது வீட்டு மாடிதான்.

இரண்டாம் முறை அழைப்பது என் வழக்கமில்லை.

டிசம்பர் 13, ஞாயிறு

அளவு எடுக்கவில்லை.

டிசம்பர் 15, செவ்வாய்

மின்சாரம் இப்போதுதான் வந்தது. ஞாயிற்றுக்கிழமை நடந்ததை முறையாக எழுதிவிட வேண்டும்.

விடியும்போதே குப்பி நிறைந்திருந்தது. எட்டரைக்கு முன் அளக்கக் கூடாது. ஆனால் குப்பி வழியும் அளவுக்குப் பெய்தால், இடையில் அளந்து கொட்டிவிட்டுக் கடைசியில் கூட்டிக்கொள்ளலாம். கொட்டினேன். மறுபடி நிறைந்தது. கொட்டினேன். மழை துளியாக இல்லை. யாரோ மேலேயிருந்து அண்டாவைக் கவிழ்ப்பது போல் இருந்தது. இரண்டு மாதமாகப் பெய்யாததெல்லாம் ஒரே காலையில் இறங்கிக்கொண்டிருந்தது. ஜூனில் நான் எழுதியது வரிக்கு வரி நடந்தது. எந்த மகிழ்ச்சியும் வரவில்லை.

அடுத்தமுறை புனலைத் தூக்கியபோது குப்பி எப்போது வழிந்தது என்றே தெரியவில்லை. அப்படியே போட்டுவிட்டு, கஸ்பாரின் ரப்பர் பூட்ஸை மாட்டிக்கொண்டு இறங்கினேன். பேச்சி வாசலில் மறித்தாள்.

"எங்கம்மா போறிய? சந்துல இடுப்புத் தண்ணி நிக்கி."

"நகரு."

"கிளாடிஸ் அம்மா அப்பவே அங்க போயிட்டாவம்மா."

அதைக் கேட்ட பிறகு நான் இன்னும் வேகமாக நடந்தேன் என்று பேச்சி தெருவெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறாள். தண்ணீரில் யாராலும் வேகமாக நடக்க முடியாது.

திரு. வாஸின் வீட்டுக் கதவு திறந்து கிடந்தது. சாப்பாட்டு மேசையின் மேல் ஒரு நாற்காலி. நாற்காலியில் அவர். காலையில் வழுக்கி விழுந்து வலது மணிக்கட்டு வீங்கி நீலமாக இருந்தது. உதடு நடுங்கியது. கீழே கிளாடிஸ், புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, மிதக்கும் சாமான்களை ஒவ்வொன்றாகப் பரணுக்குத் தூக்கிக்கொண்டிருந்தாள். தலைச் சாயம் காதோரம் கறுப்பாக வழிந்தது. அந்த நேரத்திலும் அதைக் கவனித்தேன்.

"வந்துட்டீங்களா இமெல்டாக்கா?" என்று அழாத குறையாகச் சொன்னாள். "நேத்து சாயங்காலமே வந்து கூப்பிட்டேன். 'எல் நினோவை நான் தப்பாப் புரிஞ்சுக்கிட்டேன், வானம் சரியில்ல, என் மாடிக்கு வந்துருங்க'ன்னு கெஞ்சுனேன். கேட்டாத்தான? 'மிஸஸ் கொரைரா மழை இருக்காதுன்னுட்டாங்க, நான் எங்கயும் வரல'ன்னாரு."

தன் தப்பை இவ்வளவு சுலபமாக ஒப்புக்கொள்ளும் ஒருத்தியை நான் பார்த்ததில்லை. அதற்காகவும் அவளைப் பிடிக்கவில்லை.

நான் திரு. வாஸைப் பார்த்தேன். அவர் தண்ணீரைப் பார்த்தார்.

மீனவர்கள் வள்ளத்தைச் சந்துக்குள் தள்ளிக்கொண்டு வந்தார்கள். அவரைத் தூக்கி உட்காரவைத்த பிறகு, "எங்கம்மா இறக்கணும்?" என்று ஒருவர் கேட்டார்.

"எங்க மாடியில" என்றாள் கிளாடிஸ்.

"எங்க வீட்டுல" என்றேன் நான். ஒரே நேரத்தில்.

"ஆஸ்பத்திரியில" என்றார் திரு. வாஸ்.

டிசம்பர் 18, வெள்ளி

மழை இல்லை. இரண்டு நாள் ரயில் ஓடாததால் டெல்ஃபின் இன்றுதான் வந்து சேர்ந்தாள். முறிந்த எலும்புக்குக் கட்டுப் போட்டிருக்கிறார்கள். நெஞ்சில் சளி. கிறிஸ்துமஸுக்கு முன் அனுப்பிவிடுவார்களாம்.

ஆஸ்பத்திரி நடைபாதையில் என்னை நிறுத்தினாள்.

"சனிக்கிழமை சாயங்காலம் அரை மணி நேரம் அப்பாட்ட போன்ல கெஞ்சினேன் ஆன்ட்டி, யார் வீட்டுக்காவது போயிருங்கப்பான்னு. அவரு கேக்கல. நீங்க சொன்ன ஒரு வார்த்தைக்காக."

அப்படியானால் ஐந்து மணிக்கு அவர் பேசிக்கொண்டிருந்தது இவளோடு.

"மழை இருக்காதுன்னு சொல்றாங்கன்னுதான் நான் சொன்னேன்" என்றேன்.

"ஊரு சொல்றதைக் கேக்கவா உங்களுக்குப் போன் பண்ணேன்?"

இருபத்தேழாம் தேதிக்கு இரண்டு டிக்கெட் எடுத்துவிட்டாளாம். வீட்டை விற்க ஆள் பார்த்தாயிற்றாம்.

டிசம்பர் 19, சனி

மழை இல்லை. டெல்ஃபின் மருந்து வாங்கப் போயிருந்த நேரத்தில் திரு. வாஸின் கட்டிலருகே உட்கார்ந்தேன். ஆரம்பிக்க வழி தெரியவில்லை. அவரே ஆரம்பித்தார்.

"எல் நினோ வருஷத்துல நம்ம கரைக்கு மழை ஜாஸ்தின்னு உங்களுக்குத் தெரியும்."

"தெரியும்."

"எனக்கும் தெரியும் மிஸஸ் கொரைரா. முப்பது வருஷம் பைலட் போட்ல ஏறி இறங்குனவன். வடக்க காஞ்சா இங்க நனையும்னு எங்க ஹார்பர்ல பேசிக்காத வருஷம் உண்டா?"

"பிறகு ஏன் கிளாடிஸ் உளறுனதைக் கேட்டுச் சிரிச்சிட்டு நின்னீங்க? மூணு மாசம் அங்கயே கிடந்தீங்க?"

கேட்ட பிறகுதான் என் குரல் எனக்கே கேட்டது. அடுத்த கட்டிலில் இருந்தவர் திரும்பிப் பார்த்தார்.

"அந்தம்மா முதல் நாளே நாற்காலி போட்டு உட்காரச் சொன்னாங்க. உங்க வீட்டுல பதினோரு வருஷமா நின்னுக்கிட்டே குடிக்கேன்."

"புருஷன் இல்லாத வீட்டுல ஒரு ஆம்பளைய…"

"தெரியும். குறையாச் சொல்லல. முட்டி வலி, அவ்வளவுதான்." கட்டுப் போட்ட கையைத் தலையணை மேல் தூக்கி வைத்துக்கொண்டார். "மழை விஷயத்துல நீங்க ஒரு நாளும் தப்பாச் சொன்னதில்ல. அரை மில்லிமீட்டருக்கு என்னோட சண்டை போட்டிருக்கீங்க. டெல்ஃபின் போன் பண்ணி, 'மழை இருக்காதுன்னு இமெல்டா ஆன்ட்டி சொல்லிட்டாங்கப்பா'ன்னா. நான் அப்படியே உக்காந்துட்டேன். இந்த அம்மா மழையில போய்ப் பொய் சொல்லுதாங்கன்னா, நான் ஊரை விட்டுப் போகக் கூடாதுன்னு நினைக்காங்க, வேற என்ன? மறுநாள் காலைலயே வந்துட்டேன்ல?"

ஜன்னல் திரை கோணலாகத் தொங்கியது. எழுந்து அதை நேராக இழுத்துவிட்டேன்.

"தண்ணி வரும்னு தெரிஞ்சும் அங்கயே உக்காந்திருந்தீங்களா?"

"நீங்க வந்து கூப்பிடுவீங்கன்னு உக்காந்திருந்தேன். கொஞ்சம் லேட்டா வந்தீங்க."

முக்காட்டு நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். ஆஸ்பத்திரி மருந்து வாடை எனக்கு ஒத்துக்கொள்வதில்லை.

"இப்போ டெல்ஃபின் டிக்கெட் எடுத்துட்டா" என்றார். "நீங்க என்ன சொல்லுதீங்க?"

"பூனாவில ஜனவரி மாசக் குளிர் உங்க நெஞ்சுக்கு…"

"குளிர், மழை ரெண்டையும் விடுங்க, இமெல்டா."

கஸ்பாருக்குப் பின் என் பெயரை முன்னும் பின்னும் ஒன்றும் சேர்க்காமல் யாரும் சொன்னதில்லை.

"போகாதீங்க" என்றேன்.

டெல்ஃபின் மருந்துப் பையோடு வாசலில் நின்றிருந்தாள். எவ்வளவு நேரமாக என்று தெரியவில்லை.

டிசம்பர் 20, ஞாயிறு

மழை இல்லை. பூசைக்குப் பிறகு டெல்ஃபினிடம் பேசினேன். என் மாடி அறை காலி. வெளிப்படி இருக்கிறது, தனிச் சாவி இருக்கிறது. தண்ணீர் எந்த வெள்ளத்திலும் அங்கே ஏறாது. பேச்சி இரண்டு வேளையும் சமைத்துப் போடுவாள்.

"ஊர் என்ன சொல்லும் ஆன்ட்டி?"

"ஊரு மழையவே தப்பாத்தான் சொல்லுது."

அவள் சிரிக்கவில்லை. "இதைச் செப்டம்பர்லயே சொல்லியிருந்தா அப்பா கை ஒடிஞ்சிருக்காதே."

அவள் சொன்னது சரி. அதை அவளிடமே சொன்னேன். அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு போனை எடுத்து, ஒரு டிக்கெட்டை மட்டும் ரத்து செய்தாள்.

கோயில் வளாகத்தில் அதே பெண்கள் நின்றிருந்தார்கள். எல் நினோவைப் பற்றி நான் அவர்களிடம் ஒன்றும் சொல்லவில்லை. கிளாடிஸே எல்லோரிடமும், "நான் சொன்னது வடக்குக்கு. நம்ம கரைக்கு அது தலைகீழ்" என்று விளக்கிக்கொண்டிருந்தாள். நான் ஆறு மாதம் சேமித்து வைத்திருந்ததை.

டிசம்பர் 28, திங்கள்

மழை இல்லை. நேற்று டெல்ஃபின் தனியாக ரயில் ஏறினாள். அப்பாவைவிட என்னிடம்தான் அதிகம் சொல்லிவிட்டுப் போனாள்: மாத்திரை நேரம், படியில் இறங்கும்போது கைப்பிடி, வாரம் ஒருமுறை போன்.

மதியம் கிளாடிஸ் சீலா மீன் குழம்பு கொடுத்தனுப்பினாள். திரு. வாஸ் என் மாடி அறையிலேயே உட்கார்ந்து இடது கையால் கரண்டி பிடித்துச் சாப்பிட்டார். "நல்லாருக்கே" என்றார். கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும், "நல்லாருக்கே" என்றார். ஒருமுறை சொன்னால் போதாதா?

நானும் ருசி பார்த்தேன். புளி அதிகம். தேங்காய் சரியாக அரைபடவில்லை. சட்டியை நானே கழுவித் துடைத்து, உடனே பேச்சியிடம் திருப்பிக் கொடுத்தனுப்பினேன்.

"எம்மா, சட்டியை வெறுமனவா திருப்பிக் குடுக்கது? ஏதாவது வச்சுக் குடுங்க."

ஓர் எலுமிச்சம்பழம் வைத்தேன்.

நாளை விடிந்ததும் நானே கரைக்குப் போய் ஏலத்தில் நின்று குழம்புக்கு ஊளி மீன் வாங்க வேண்டும். பேச்சியை அனுப்பினால் கண் சிவந்த பழசை வாங்கி வந்துவிடுவாள்.